பீடோங்கிலிருந்து ஹாட்யாய்க்குத் தொழில் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் தாய்லாந்தின் ஹாட்யாய் நமக்குப் புது ஊர் இல்லை. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டு, துணிமணி வாங்கிக்கொண்டு திரும்பும் ஊர். அந்தப் பழக்கத்தினாலேயே தொழில் விஷயமாகப் போகும்போதும் சுற்றுலாப் போகும் மனத்தோடு கிளம்பிவிடுகிறோம். கெடாவின் பீடோங், குரூண், சுங்கை லாலாங் வட்டாரத்தில் முறுக்கும் மசாலைத் தூளும் செய்பவர்கள், தையல் கடை, பூக்கடை வைத்திருப்பவர்கள், தோட்டத்து இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். எல்லை விதிகள் மாறக்கூடியவை. கிளம்பும் வாரத்தில் அரசு இணையத்தளங்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் போய் இரவு திரும்பிவிடுவேன். அதற்கும் ஆயத்தம் வேண்டுமா?

வேண்டும். பீடோங்கில் நெடுஞ்சாலை ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லை ஊரான புக்கிட் காயூ ஹீத்தாம் வந்துவிடும். எல்லையைத் தாண்டி இன்னும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் போனால் ஹாட்யாய். தூரம் அதிகமில்லை. ஆனால் நடுவில் இரண்டு நாட்டுக் குடிநுழைவுத் துறைகளும் இரண்டு நாட்டுச் சுங்கத் துறைகளும் இருக்கின்றன. பயணம் ஒரு நாளா ஒரு மாதமா என்று பார்த்து அவர்கள் சட்டத்தைத் தளர்த்துவதில்லை.

நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒன்றுதான். நீங்கள் வாயால் சொல்வதும், தாளில் எழுதியிருப்பதும், பையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் எந்த அதிகாரி கேட்டாலும் நிதானமாகப் பதில் சொல்லலாம். ஒன்று பிசகினால், மற்ற இரண்டும் சரியாக இருந்தும் சந்தேகம் வந்துவிடும்.

‘சுற்றுலா’ என்று சொல்லிவிட்டால் சுலபமாக விட்டுவிடுவார்கள் என்கிறார்களே?

இதைச் சொல்லிக்கொடுப்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் குறுகிய காலத்துக்குத் தாய்லாந்து போக விசா வேண்டாம். அந்த விலக்கு சுற்றுலாவுக்கு மட்டும் உரியதன்று. வணிகரைச் சந்திக்கவும், பேச்சு நடத்தவும், கண்காட்சி பார்க்கவும் அதிலேயே போகலாம். உண்மையைச் சொன்னாலே வழி திறந்திருக்கும்போது பொய் எதற்கு?

சுற்றுலா என்று சொன்னவரின் பெட்டியில் முப்பது பொட்டலம் முறுக்கும் விலைப்பட்டியலும் நிறுவன முத்திரையும் இருந்தால் அதிகாரி என்ன நினைப்பார்? “இன்னாரைச் சந்திக்கிறேன், இவை மாதிரிகள், நாளை திரும்புகிறேன்” என்று சொன்னால் கேள்வி அதோடு முடிந்துவிடும்.

இந்தப் பொய்க்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது கூச்சம்தான் என்று நினைக்கிறேன். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, வீட்டுச் சமையலறையில் தொழில் தொடங்கிய ஒருவருக்குத் தம்மை வணிகர் என்று சொல்லிக்கொள்ளத் தயக்கம் இருக்கிறது. நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு இருக்கிறது, பொருள் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் வணிகர்தான். கவுன்டரில் தலைநிமிர்ந்து அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கடப்பிதழுக்குள் பணத்தை மடித்து வைத்து நீட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது லஞ்சம், குற்றம். யார் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கடப்பிதழில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் காலாவதித் தேதி. நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லத்தக்கதாக இருக்கட்டும். அடுத்து வெற்றுப் பக்கங்கள். பிறகு, ஈரத்தில் நனைந்து தாள் ஊதியிருக்கிறதா, ஓரம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சேதமான கடப்பிதழை ஏற்க மறுக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. புதுப்பிப்பதை இணையத்தில் தொடங்கலாம், அல்லது குடிநுழைவு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதை வெளியூரிலிருந்து இங்கே குடிவந்தவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எல்லைப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு வழங்கப்படும் எல்லைப் பாஸைப் பற்றியும் கேட்கிறார்கள். அது எல்லையோர மக்களின் அன்றாடப் போக்குவரத்துக்காக ஏற்பட்டது. போகக்கூடிய பகுதிக்கும் வரம்பு உண்டு. தொழிலை வளர்க்க நினைப்பவர் கடப்பிதழிலேயே போவது நல்லது. நாளைக்குப் பேங்காக்கில் ஒரு வாடிக்கையாளர் அழைத்தால் அந்தப் பாஸ் உதவாது.

என் மாமாவிடம் சிவப்பு அடையாள அட்டைதான் இருக்கிறது. தொழிலில் அவர்தான் எல்லாம். அவர் வர முடியுமா?

நம் வட்டாரத்தில் இந்தக் கேள்வி இன்னும் எழுகிறது என்பதே வேதனைதான். இந்த மண்ணிலேயே பிறந்து, தோட்டத்திலேயே உழைத்து முதுமையடைந்தும், பிறப்புப் பத்திரம் சரியாக இல்லாத காரணத்தால் நிரந்தரவாசியாகவே நின்றுவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

சிவப்பு அட்டைக்காரர் மலேசியக் குடிமகன் அல்லர் என்பதால் அவருக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. வேறு நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர் குடிநுழைவுத் துறையிடம் அடையாளச் சான்றிதழ் என்ற பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதோடு, திரும்பி வருவதற்கான மறுநுழைவு அனுமதியும் வேண்டும். குடிமக்களுக்கு உள்ள விசா விலக்கு இவருக்குப் பொருந்தாது. ஆகவே பினாங்கில் உள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தில் விசாவைப் பற்றி முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். தற்காலிகவாசிக்குரிய பச்சை அட்டை வைத்திருப்பவரின் நிலை இன்னும் சிக்கலானது. தேசியப் பதிவுத் துறையில் கேட்டுத் தெளிவு பெறாமல் அவரை எல்லைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம்.

அதுவரை மாமா பீடோங்கிலிருந்தே காணொளி அழைப்பில் பேச்சில் கலந்துகொள்ளட்டும். “எங்கள் தொழிலின் மூத்தவர் இவர்” என்று அறிமுகம் செய்துவையுங்கள். தாய்லாந்து வணிகர்கள் வயதுக்கு மரியாதை கொடுப்பவர்கள்.

வரி பாக்கி இருந்தால் எல்லையில் நிறுத்திவிடுவார்களா?

நிறுத்த முடியும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 104ஆவது பிரிவின்படி, வரி பாக்கி வைத்திருப்பவர் நாட்டைவிட்டு வெளியேறுவதை வருமான வரி வாரியம் தடுக்கலாம். தொழிலாளர்களின் இபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதிச் சந்தாவைக் கட்டாத நிறுவன இயக்குநர்களையும் 1991ஆம் ஆண்டு இபிஎஃப் சட்டத்தின்கீழ் தடுக்க முடியும். திவாலானவர் நொடிப்புத் துறையின் அனுமதி இல்லாமல் வெளிநாடு போகக் கூடாது.

குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் பயணத் தடை நிலையைச் சரிபார்க்கும் சேவை இருக்கிறது. அடையாள அட்டை எண்ணைப் பதிந்தால் போதும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பாருங்கள். தடை இருந்தால், அதை விதித்த அலுவலகத்தில் பாக்கியைக் கட்டியோ தவணை பேசியோதான் நீக்க முடியும். எல்லையில் நிற்கும் அதிகாரியிடம் கெஞ்சிப் பயனில்லை. அவரால் அதை எடுக்க முடியாது.

தாய்லாந்துக்குப் போக இணையத்தில் ஏதோ படிவம் நிரப்ப வேண்டுமாமே?

ஆமாம். பழைய காகித அட்டைக்குப் பதிலாக 2025 மே 1 முதல் தாய்லாந்து மின்னியல் வருகை அட்டை நடைமுறைக்கு வந்தது. விமானம், ரயில், கார் என எதில் போனாலும் வெளிநாட்டவர் இதை நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் புதிதாக நிரப்ப வேண்டும்.

கட்டணம் கிடையாது. தேடுபொறியில் முதலில் வரும் சில தளங்கள் பணம் கேட்கும். அவை இடைத்தரகர்களுடையவை. தாய்லாந்துக் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில்தான் நிரப்ப வேண்டும்.

பயண நோக்கம் என்று ஒரு கட்டம் வரும். வணிகம், கூட்டம், கண்காட்சி என்று தனித்தனியாக இருக்கும். உங்களுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே விடுமுறை என்று குறித்துவிட்டுக் கவுன்டரில் வணிகம் என்று சொன்னால் வாய்க்கும் தாளுக்கும் பொருத்தம் போய்விடுகிறது. தங்கும் விடுதியின் முகவரியும் கேட்கப்படும். முடிந்ததும் வரும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் சேமித்து, ஒரு தாளிலும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். எல்லைப் பக்கம் இணையம் கைகொடுக்காமல் போகலாம்.

தாய்லாந்து நுழைவு முத்திரை கடப்பிதழில் விழுந்ததா என்று அங்கேயே பிரித்துப் பாருங்கள். கூட்டத்தோடு கூட்டமாக டானோக் கடைத்தெருவுக்குள் நடந்துவிடுபவர்கள் உண்டு. முத்திரை இல்லாமல் உள்ளே இருப்பது சட்டவிரோத நுழைவு. முத்திரையில் எழுதிய தேதிதான் தங்கும் கணக்கு. அதை மீறினால் நாளொன்றுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம்.

சந்திப்புக்கு எந்த நாள் நல்லது?

பஞ்சாங்கம் பார்ப்பதோடு இதையும் பாருங்கள். கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை. தாய்லாந்தில் சனி, ஞாயிறு. ஆக, இரு பக்கமும் அலுவலகமும் வங்கியும் திறந்திருக்கும் நாட்கள் திங்கள் முதல் வியாழன் வரை மட்டுமே. செவ்வாய் அல்லது புதன் வைத்துக்கொண்டால் முன்னும் பின்னும் ஒரு நாள் கையில் இருக்கும். மலேசியப் பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் எல்லையில் வரிசை கட்டி நிற்க வேண்டிவரும்.

ஏப்ரல் 13 முதல் 15 வரை அங்கே சொங்க்ரான் புத்தாண்டு. நம் சித்திரைப் புத்தாண்டும் அதே நாட்களில்தான் வருகிறது. அந்த வாரத்தில் தொழில் பேச யாரும் கிடைக்கமாட்டார்கள்.

தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். அங்கே காலை 10 மணிக்குச் சந்திப்பு என்றால் நம் கடிகாரத்தில் 11. எல்லை மூடும் நேரத்துக்கும் இதே கணக்குத்தான். நம் பக்கம் நள்ளிரவு 12 என்றால் அவர்கள் பக்கம் இரவு 11.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் வேண்டும். அங்கே புத்த ஆண்டு வழக்கில் இருக்கிறது. நம் ஆண்டோடு 543 கூட்ட வேண்டும். 2026 அவர்களுக்கு 2569. விலைச்சீட்டு, ஒப்பந்தம், பொட்டலத்தின் காலாவதித் தேதி என எல்லாவற்றிலும் இந்த எண் வரலாம். 69 என்று மட்டும் அச்சடித்திருந்தால் குழப்பம்தான். ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகளையும் எழுதச் சொல்லுங்கள்.

காரில் போவதா, ரயிலில் போவதா?

மாதிரிப் பெட்டிகள் அதிகம் இருந்தால் கார். ஆள் மட்டும் போவதென்றால் ரயிலைத்தான் சொல்வேன். சுங்கை பட்டாணியிலோ குரூணிலோ ஏறினால் பாடாங் பெசார் வரை மின்சார ரயில் இருக்கிறது. பாடாங் பெசார் நிலையத்திலேயே இரண்டு நாட்டுக் குடிநுழைவுக் கவுன்டர்களும் இருக்கின்றன. அங்கிருந்து தாய்லாந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஹாட்யாய் நகரத்தின் நடுவிலேயே இறங்கலாம். அந்த ரயில்கள் குறைவு. திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டுச் சந்திப்பு நேரத்தைக் குறியுங்கள்.

கார் என்றால் சில தாள்கள் வேண்டும். வாகனத்தின் கிராண்ட் எனப்படும் உரிமைப் பத்திரம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வேறொருவர் பெயரில் இருந்தால் அவரிடமிருந்து அனுமதிக் கடிதம். நிறுவனத்தின் வண்டி என்றால் நிறுவனத் தாளில் கடிதமும் எஸ்எஸ்எம் பதிவு நகலும். வங்கிக் கடனில் இருக்கும் வண்டிக்கு வங்கியின் கடிதம். மலேசியக் காப்புறுதி மட்டும் போதாது. தாய்லாந்துச் சட்டப்படியான மூன்றாம் தரப்புக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும். சங்லூன் சாலையோரக் கடைகளில் அதையும் எல்லைப் படிவங்களையும் சேர்த்தே செய்துகொடுக்கிறார்கள். எல்லையில் தரும் தற்காலிக வாகன இறக்குமதித் தாளைப் பத்திரமாக வையுங்கள். அதில் குறித்த தேதிக்குள் வண்டி வெளியே வந்தாக வேண்டும். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை கவலையில்லை. ஆசியான் நாடுகள் ஒன்றின் உரிமத்தை மற்றொன்று ஏற்பதென்று 1985இல் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

மாதிரிப் பொருள்களை எப்படி எடுத்துப் போவது?

தொழில் பயணத்தின் உயிர்நாடி இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாதிரி என்பது சுவைத்துப் பார்க்கவும், தொட்டுப் பார்க்கவும், சோதனைக்கு அனுப்பவும் தேவையான அளவு. ஒவ்வொரு வகையிலும் மூன்று நான்கு பொட்டலம் என்றால் அது மாதிரி. ஒரே வகையில் ஐம்பது பொட்டலம் என்றால் சுங்க அதிகாரியின் கண்ணுக்கு அது சரக்கு. சரக்கு என்றால் மலேசியாவில் ஏற்றுமதி அறிவிப்பான கே2 படிவம், அங்கே இறக்குமதி அறிவிப்பு, வரி எல்லாம் வரும். “மாதிரிதானே” என்று சொல்லிக்கொண்டு சரக்கைக் கொண்டுபோய் அங்கேயே விற்றுவிட்டு வருவது கடத்தல். சொல் கடுமையாக இருக்கலாம். சட்டம் அதை அப்படித்தான் பார்க்கும்.

பொட்டலத்தின் மேல் ‘விற்பனைக்கு அல்ல, மாதிரி’ என்று மலாய், ஆங்கிலம், முடிந்தால் தாய்லாந்து மொழியிலும் ஒட்டுங்கள். ஒரு மாதிரிப் பட்டியல் தயாரியுங்கள். பொருளின் பெயர், எண்ணிக்கை, எடை, மதிப்பு, உட்பொருள்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். மதிப்பைச் சுழியம் என்று எழுதாதீர்கள். விலையில்லாப் பொருள் என்று சுங்கத்துறை எதையும் ஏற்பதில்லை. அடக்க விலையை எழுதி, சுங்க நோக்கத்துக்காக மட்டும் என்று குறியுங்கள். பட்டியலின் கீழே நிறுவன முத்திரையும் கையொப்பமும் வேண்டும். நீங்கள் சந்திக்கப் போகும் நிறுவனம் உங்களை அழைத்து எழுதிய கடிதம் ஒன்று இருந்தால் இரண்டையும் சேர்த்தே காட்டலாம். கடிதத்தில் பெயர், தேதி, முகவரி, நோக்கம் நான்கும் இருந்தால் போதும். நீண்ட புகழுரை வேண்டாம்.

முறுக்கு, மிக்ஸர் போன்ற காய்ந்த பலகாரத்துக்குச் சிக்கல் குறைவு. நெய், பால் சேர்ந்தது, கருவாடு, இறைச்சி, விதை, நாற்று, பூ ஆகியவை தாவர, விலங்குத் தொற்றுத்தடைச் சட்டங்களுக்குள் வரும். முன்கூட்டிக் கேட்காமல் எடுத்துப் போகாதீர்கள். மசாலைத் தூளைத் துணிப் பையிலோ ஒட்டுத்தாள் இல்லாத பிளாஸ்டிக்கிலோ கொண்டுபோகக் கூடாது. பெயர் தெரியாத தூள் எந்த எல்லையிலும் கேள்வியை எழுப்பும். தொழிற்சாலை முறையில் மூடி, உட்பொருள் அச்சிட்ட பொட்டலமாக இருக்கட்டும்.

விலை பேசுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, அவரிடம் உணவு இறக்குமதி உரிமம் இருக்கிறதா? தாய்லாந்தின் உணவு மருந்து நிர்வாகத்திடம் அந்த உரிமத்தைப் பெற வேண்டியவர் அங்குள்ள இறக்குமதியாளர்தான். நீங்கள் இங்கிருந்து பெற முடியாது. உரிமம் இல்லாதவரிடம் எவ்வளவு நல்ல விலை பேசினாலும் சரக்கு எல்லையில் நின்றுவிடும். இரண்டு, தாய்லாந்து மொழியில் ஒட்டுத்தாள் யார் பொறுப்பு, யார் செலவு?

இன்னொரு சாதகம் நம்மிடம் இருக்கிறது. ஆசியான் சரக்கு வாணிக ஒப்பந்தத்தின்கீழ், மலேசியாவில் உற்பத்தியான பொருள் என்று மிட்டி எனப்படும் முதலீடு, வாணிக, தொழில் அமைச்சு தரும் டி படிவம் இருந்தால் வாங்குபவர் சுங்க வரிச் சலுகை கேட்கலாம். பல பொருள்களுக்குப் பொதுவான அளவுகோல், மதிப்பில் 40 விழுக்காடு ஆசியானுக்குள் உருவாகியிருக்க வேண்டும் என்பது. வீட்டுத் தொழில் செய்பவர்கள் பலருக்கு இந்தப் படிவம் இருப்பதே தெரிவதில்லை. பெரிய நிறுவனங்கள் தவறாமல் பயன்படுத்தும் சலுகை இது. சிறு வணிகருக்கும் அதே உரிமை உண்டு. பேச்சின்போது “டி படிவம் தர முடியும்” என்று நீங்கள் சொன்னால், எதிரில் இருப்பவர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

நான் இயந்திரம் பழுதுபார்ப்பவன். கருவிகளோடு போய் வேலை செய்துவிட்டு வரலாமா?

சந்தித்துப் பேசுவது வேறு, வேலை செய்வது வேறு. இயந்திரத்தைப் பார்வையிட்டு, அளவெடுத்து, விலை சொல்லிவிட்டு வருவது பேச்சு. ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டால் அது வேலை. தாய்லாந்தில் வெளிநாட்டவர் வேலை செய்ய அனுமதி வேண்டும். 15 நாட்களுக்குள் முடியும் அவசர வேலைக்குத் தனி அறிவிப்பு முறை இருக்கிறது. அதை அங்குள்ள நிறுவனம் வேலைவாய்ப்புத் துறையிடம் செய்ய வேண்டும். செய்துவிட்டதற்கான தாளின் படம் கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள். “யாரும் கேட்கமாட்டார்கள்” என்று அவர்கள் சொன்னால், பிடிபட்டால் தடுப்புக்காவலில் இருக்கப்போவது நீங்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

விலையுயர்ந்த கருவியையோ காட்சி இயந்திரத்தையோ கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கு ஏடிஏ கார்னே என்ற ஆவணம் உண்டு. அந்த நாட்டில் இறக்குமதி வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோக அது உதவும். மலேசியாவில் மலேசிய அனைத்துலக வர்த்தகத் தொழிலியல் சங்கம் அதை வழங்குகிறது. ஓராண்டு வரை செல்லும். சின்னக் கருவிப் பெட்டிக்கு அது தேவைப்படாது. கருவிகளின் வரிசை எண்ணோடு ஒரு பட்டியலும் படங்களும் வைத்துக்கொண்டால், திரும்பும்போது அங்கே புதிதாக வாங்கியவை என்ற ஐயம் எழாது.

பணம் எவ்வளவு கொண்டுபோகலாம்?

10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் ரொக்கம் கொண்டுபோனாலும் கொண்டுவந்தாலும் மலேசியச் சுங்கத் துறையிடம் 22ஆம் எண் படிவத்தில் அறிவிக்க வேண்டும். தாய்லாந்துப் பக்கமும் தனி வரம்புகள் உண்டு. சரக்குக்கான தொகையை ரொக்கமாகக் கொண்டுபோவதை நான் ஆதரிக்கவே மாட்டேன். வங்கி வழியாக அனுப்பினால் வரிக் கணக்குக்கும் சான்று கிடைக்கிறது.

கைச்செலவுக்கு பாட் நோட்டுகள் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். மலேசியா, தாய்லாந்து மத்திய வங்கிகள் 2021இல் இரு நாட்டுக் கியூஆர் கட்டண முறைகளை இணைத்தன. உங்கள் வங்கிச் செயலியில் அந்த வசதி இருக்கிறதா என்று இங்கேயே சோதியுங்கள். ரசீது எதையும் தூக்கி எறியாதீர்கள். வருமான வரிக்காகத் தொழில் ஆவணங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தாய்லாந்து மொழி ரசீதின் பின்புறம் எதற்கான செலவு என்று அன்றே எழுதிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து நினைவிருக்காது.

எதையெல்லாம் தொடவே கூடாது?

மின்சிகரெட் தாய்லாந்தில் தடைசெய்யப்பட்டது. காரில் கிடக்கும் பழைய வேப் கருவி கூட வேண்டாம்.

திரும்பும்போதுதான் பெரிய ஆபத்து. தாய்லாந்து 2021இல் கெத்தும் என்ற போதை இலையைச் சட்டபூர்வமாக்கியது. 2022இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கி, பிறகு கட்டுப்பாடுகளை இறுக்கியது. மலேசியாவில் இரண்டும் குற்றம். கஞ்சா கலந்த பிஸ்கட், மிட்டாய், பானம் எல்லாம் அழகான பொட்டலத்தில் கிடைக்கும். இலைப் படம் போட்ட எதையும் வாங்காதீர்கள், சாப்பிடவும் சாப்பிடாதீர்கள். திரும்பியபின் சிறுநீர்ச் சோதனையில் தெரிந்தாலும் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் பாயும். இளைஞர்களைத் துணைக்கு அழைத்துப்போகும் முதலாளிகள் இதைக் கிளம்பும் முன்பே அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் விளையாட்டுக்கு ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கொடுக்க முடியாது.

யாராவது பொட்டலம் கொடுத்து “பீடோங்கில் இன்னாரிடம் சேர்த்துவிடுங்கள் அண்ணே” என்றால் மறுத்துவிடுங்கள். உறவினராக இருந்தாலும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மருந்து சாப்பிடுபவர்கள் அசல் பெட்டியோடும் மருத்துவர் கடிதத்தோடும் போகவும். சளி மருந்துகளில் சிலவற்றில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் அங்கே கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளது.

வெளிநாட்டில் குறைந்தது 72 மணி நேரம் இருந்தவருக்குத்தான் பயணிகளுக்கான வரி விலக்கு. ஒரு நாள் பயணத்தில் வாங்கிய பொருளுக்கு அந்த விலக்கை எதிர்பார்க்காதீர்கள். பூ, செடி, பழம் கொண்டுவர மாக்கிஸ் எனப்படும் மலேசியத் தொற்றுத்தடைச் சோதனைத் துறையின் அனுமதி வேண்டும்.

மொழி தெரியாதே, எப்படிப் பேசுவது?

தென் தாய்லாந்தில் மலாய் பேசுபவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், ஹாட்யாய் வணிகர்களில் சீன மொழி பேசுபவர்களும் உண்டு. உங்கள் மலாயே பாதி வேலையை முடித்துவிடும். முக்கியமான பேச்சுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்வது வீண் செலவன்று. அங்கே வாட்ஸ்அப்பைவிட லைன் செயலிதான் பெருவழக்கு. கிளம்பும் முன் அதை நிறுவிக்கொள்ளுங்கள்.

கை கூப்பி வணங்குவது அவர்களுக்கும் வழக்கம், நமக்கும் வழக்கம். குரலை உயர்த்தாதீர்கள். மன்னர் குடும்பத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ பேசவே வேண்டாம். அவமதிப்பு என்று ஆனால் மூன்று முதல் பதினைந்து ஆண்டுச் சிறை.

புரட்டாசி விரதம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கடையில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அது ‘ஜே’ உணவு. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது, வெங்காயமும் பூண்டும் கூட இருக்காது. சீனர்களின் ஒன்பது நாள் சைவத் திருவிழாவும் பெரும்பாலும் புரட்டாசியை ஒட்டியே வருவதால் அப்போது எங்கும் கிடைக்கும். மற்ற நேரங்களில் “காய்கறி மட்டும்” என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். ‘ஜே’ என்ற சொல்லையே சொல்லிக் கேளுங்கள்.

நான் பெண். தனியாகப் போக வீட்டில் தயங்குகிறார்கள்.

அவர்கள் தயக்கத்தில் அக்கறை இருக்கிறது. ஆனால் அதற்காகத் தொழிலை வேறொருவர் கையில் ஒப்படைக்க வேண்டியதில்லை. முறுக்கு பிழிந்தவரும் கணக்கு எழுதியவரும் நீங்கள். விலை பேச வேண்டியவரும் நீங்களே. பகல் ரயிலில் போங்கள். நிலையத்துக்கு அருகில் விடுதி எடுங்கள். முதல் சந்திப்பை அலுவலகத்திலோ விடுதியின் முன்கூடத்திலோ வையுங்கள். விடுதி முகவரி, சந்திப்பவரின் எண், திரும்பும் ரயில் நேரம் மூன்றையும் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். அம்மாவோ அக்காவோ கூட வர விரும்பினால் தாராளமாக வரட்டும். அவருடைய வருகை அட்டையில் அவருடைய நோக்கத்தை எழுதுங்கள்.

அங்கே ஏதாவது ஆகிவிட்டால்?

மழைக்காலத்தை முதலில் சொல்ல வேண்டும். ஹாட்யாய் தாழ்வான நகரம். 2000, 2010, 2025 ஆகிய ஆண்டுகளின் நவம்பர் மாதத்தில் பெருவெள்ளம் வந்தது. 2025இல் மலேசியர்கள் பலர் விடுதிகளில் சிக்கிக்கொண்டார்கள். நவம்பர், டிசம்பரில் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். போனால் மேல்மாடி அறை கேளுங்கள், காரை மேட்டில் நிறுத்துங்கள்.

யாலா, பட்டாணி, நராத்திவாட் மாநிலங்களிலும் சொங்க்லாவின் சில எல்லையோர மாவட்டங்களிலும் 2004 முதல் வன்முறை தொடர்ந்துவருகிறது. அங்கே வாடிக்கையாளர் இருந்தால் அவரை ஹாட்யாய்க்கு வரச் சொல்லுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது அந்தப் பகுதிகளுக்கு விலக்கு எழுதியிருக்கிறதா, தொழில் பயணத்தை ஏற்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

மலேசியத் தலைமைத் துணைத் தூதரகம் சொங்க்லா நகரத்தில் இருக்கிறது. கடப்பிதழ் தொலைந்தால் முதலில் உள்ளூர்ப் போலீஸில் புகார், அந்தப் புகார்த் தாளோடு துணைத் தூதரகம். கடப்பிதழின் முதல் பக்கத்தையும் நுழைவு முத்திரைப் பக்கத்தையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தால் இந்த வேலை விரைவாக முடியும். போலீஸ் 191, ஆம்புலன்ஸ் 1669, சுற்றுப்பயணிகள் போலீஸ் 1155. கடைசி எண்ணில் ஆங்கிலம் பேசுவார்கள். மூன்றையும் தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள், கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் அது உதவும்.